அடுக்களைக் கேள்விகள்: வார நாள் சாப்பாடு

விருந்தையும் பண்டிகைப் பலகாரத்தையும் விட்டுவிட்டு, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையன்று உங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள், அதை யாரோடு பகிர்ந்து உண்டார்கள் என்று எழுதும்படி கடந்த இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நினைவுகளோடு கேள்விகளும் இருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயார் இன்றும் நாள்தோறும் சமைக்கிறார். உள்ளித் தீயலுக்கும் (சின்ன வெங்காயத்தோடு வறுத்த தேங்காய் சேர்த்த புளிக்குழம்பு) உளுந்தம்பருப்புச் சோற்றுக்கும் அளவு கேட்டால், “எல்லாம் கண்ணளவுதான்” என்கிறார். இவற்றை எப்படி எழுதி வைப்பது? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவரிடம் அளவு கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரு சிறிய மின்னணுத் தராசு போதும். அவர் மல்லி டப்பாவைத் திறப்பதற்கு முன் அதை ஒரு முறையும், மூடி வைத்த பின் ஒரு முறையும் நிறுத்துப் பார்த்தால், எவ்வளவு எடுத்தார் என்பது அவர் கையைத் தடுக்காமலே தெரிந்துவிடும். புளியையும் ஊறப் போடுவதற்கு முன் அப்படியே நிறுத்துக்கொள்ளலாம். எலுமிச்சை அளவுப் புளி என்று எழுதி வைத்தால், எந்த எலுமிச்சை என்ற கேள்வி பிற்பாடு வரும். அது புதுப் புளியா, ஓராண்டு கடந்த பழம்புளியா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் குறிப்பு உதவும்.

தீயலில் அளவைவிட நிறமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தேங்காய்த் துருவலைப் பொன்னிறத்தில் இறக்கினால் ஒரு சுவை, நன்கு சிவந்து பழுப்பேறிய பின் இறக்கினால் வேறொரு சுவை; அதற்கும் அப்பால் ஒரு நிமிடம் கடந்துவிட்டால் கசந்துவிடும். ஆகவே உங்கள் தாயார் இறக்குகிற அந்தக் கணத்தில் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கியதை உடனே தட்டில் கொட்டுகிறாரா, சட்டியிலேயே விடுகிறாரா என்பதையும் கவனியுங்கள்; சட்டியின் சூட்டில் தேங்காய் மேலும் சிவந்துகொண்டே போகும் என்பதால், இந்தச் சிறிய செயலும் குறிப்பில் இடம்பெற வேண்டும். மிளகாய் வத்தல், மல்லி, தேங்காய் ஆகியவற்றை எந்த வரிசையில் வறுக்கிறார், சின்ன உள்ளியை எதுவரை வதக்குகிறார், குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் இறக்குகிறாரா, அதற்கு முன்பே இறக்குகிறாரா என்பவற்றையும் எழுதுங்கள்.

அவர் ஆழாக்குக் கணக்குச் சொல்பவராக இருந்தால், அதை இன்றைய கப் அளவாக நினைத்துவிடாதீர்கள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆழாக்கு என்பது ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். கடையில் கிடைக்கும் கப் பெரும்பாலும் 200 அல்லது 240 மில்லிலிட்டர் இருக்கும். தோலுள்ள கறுப்பு உளுந்தும் அரிசியும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பூவும் சேரும் உளுந்தம்பருப்புச் சோற்றில், அரிசிக்குப் பாதியாக உளுந்து என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் குற்றமில்லை. தண்ணீரில்தான் பிழை நேரும். அதை மட்டும் தனியாக அளந்து வையுங்கள்.

1951-ஆம் ஆண்டு எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தபோது, அதுவரை வாய்மொழியாகவே இருந்த சைவச் சமையலின் ஒரு மரபு அச்சில் நிலைபெற்றது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் அப்படி ஒரு நூல் வாய்க்கவில்லை. உங்கள் வீட்டுக் குறிப்பை உங்களையன்றி வேறு எவரும் எழுதப் போவதில்லை. எழுதும்போது, எந்தெந்த நாளில் எதற்காக அதைச் சமைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கடைக்குப் போக முடியாத நாளில், வீட்டில் இருக்கும் சின்ன உள்ளியையும் தேங்காயையும் புளியையும் கொண்டே ஒரு குழம்பை முடித்துவிடலாம் என்பதும் தீயலின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

கேள்வி: மீன் குழம்பு மறுநாள் கூடுதலாகச் சுவைப்பது ஏன்? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மிளகாய், மல்லி, வெந்தயம் ஆகியவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் மெல்லக் கரைந்து குழம்பு முழுவதும் பரவுவதற்கு நேரம் தேவைப்படுகிறது. உப்பும் புளிப்பும் மீன் துண்டின் உள்ளே இறங்குவதற்கும் அந்த இரவு உதவுகிறது. மறுநாள் சூடாக்கும்போது குழம்பு சுண்டி மேலும் செறிவாகிறது. கரண்டியால் கிளறாமல், சட்டியின் விளிம்பைப் பிடித்து அசைத்துச் சூடாக்கினால் மீன் உடையாது.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். குக்கர் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் குழைந்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பதே இல்லை. ஊரில் உண்ட பழைய சோறு இங்கே கிடைக்காதா? – ஒரு வாசகி, சென்னை

பதில்: கிடைக்கும். இரண்டு பழக்கங்களை மாற்ற வேண்டும். முதலாவது, புழுங்கல் அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்த சோறாக இருக்க வேண்டும். கஞ்சி வடியாத குக்கர் சோறு ஊறும்போது கரைந்துவிடும். இரண்டாவது, ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சோற்றைப் புளிக்க வைப்பவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள். ஃபிரிட்ஜின் குளிரில் அவை வேலை செய்வதில்லை.

சோறு ஆறியதும், நெடுநேரம் கிடக்க விடாமல், சோறு முழுவதும் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி வையுங்கள். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். தண்ணீர் ஊற்றாத சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால், பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா அதில் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சென்னையின் கோடையில் ஓர் இரவே போதும். காலையில் இளம்புளிப்பு மணம் வர வேண்டும். கெட்ட வாடை வீசினாலோ, நூல் நூலாக இழுத்தாலோ கொட்டிவிடுங்கள். உப்பைக் காலையில்தான் சேர்க்க வேண்டும். நீராகாரத்தை முதலில் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ முந்தைய நாளின் சுண்டிய குழம்போ தொட்டுக்கொண்டு உண்ணலாம்.

கேள்வி: எங்கள் சிறுவயதில் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுந்தான்; மற்ற நாள்களில் களியும் கூழும்தான். இன்று என் பேரன் கேழ்வரகு உடலுக்கு நல்லது என்று எனக்கே சொல்கிறான். அந்தக் காலத்துக் கஷ்டத்தை அவனிடம் சொல்வதா, வேண்டாமா? – ஒரு வாசகர், தருமபுரி

பதில்: ஐயா, தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் பேரன் சொல்வதும் உண்மைதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குதான் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, நகரத்துக் கடைகளிலும் கேழ்வரகுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ஆனால் அந்த மதிப்பை மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு, மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் நெல் விளையாததால்தான் நீங்கள் களி உண்டீர்கள் என்பதும், தானியம் சேமிக்கும் உறையில் வருடக்கணக்கில் கெடாமல் கிடந்த கேழ்வரகுதான் மழை பொய்த்த ஆண்டுகளில் வீட்டைக் காப்பாற்றியது என்பதும் தெரியாமல் போய்விடும்.

அதோடு, அந்தக் களிக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்லுங்கள். ஊருக்கு மாவு மில் வருவதற்கு முன், விடியுமுன்னே எழுந்து ஏந்திரம் என்னும் திருகைக் கல்லில் கேழ்வரகை அரைத்தவர்கள் பெண்கள். நொய்யரிசி வெந்து கொதிக்கும் பானையில் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவதற்குத் தோள் வலு வேண்டும். சுடச்சுட உருட்டிய களியைக் கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்கிய பழக்கத்தைப் பேரனுக்குச் செய்தே காட்டுங்கள். பசித்த நாள்களும் இருந்தன என்றால் அதையும் சொல்லுங்கள். வறுமையை அழகாக்கிச் சொல்லும் வழக்கம் நம் உணவு எழுத்தில் பெருகிவருகிறது. அனுபவித்தவர்களே நேராகச் சொன்னால்தான் அது மாறும்.

கேள்வி: பள்ளியில் உண்ட மதிய உணவு, வீட்டுச் சாப்பாட்டு நினைவுகளோடு சேருமா? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கட்டாயம் சேரும். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வயிறார உண்ட சோறு. தட்டில் சோறு போட்ட ஆயாவின் முகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அவரைப் பற்றியும் எழுத வேண்டும். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் கிடைத்த அந்தச் சோற்றை, வீட்டுச் சாப்பாடு இல்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அம்மா மறைந்த பிறகு, அவர் சமைத்தவற்றையெல்லாம் நானும் தம்பியும் பட்டியலிட்டோம். அவருக்குப் பிடித்த சாப்பாடு எது என்று யோசித்தபோது இருவருக்கும் தெரியவில்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா. இந்த முறை வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான். குறுந்தொகையின் 167-ஆம் பாடலில், புதிதாக மணமான ஒரு பெண் கட்டித்தயிரைத் தன் கையால் பிசைகிறாள். அந்த விரல்களைத் துடைத்த ஆடையை மாற்றாமல், தாளிக்கும் புகை கண்ணில் பட நின்று புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகளின் குடித்தனத்தைப் பார்த்துவந்த செவிலி, அதாவது வளர்ப்புத் தாய், பெற்ற தாயிடம் மகிழ்ந்து சொல்லும் பாட்டு அது. அதை எத்தனையோ பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அன்று அவள் என்ன உண்டாள், எப்போது உண்டாள் என்று பாட்டு சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை.

எல்லாரும் உண்டு முடித்த பின், மிஞ்சியதை உண்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கமாக இருந்தது. பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. பிடித்ததைச் சமைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது, பெரும்பாலும் வீட்டில் யாரும் இல்லாத நாள்களில்தான். ஆகவே உங்கள் சித்தியையோ அத்தையையோ, அம்மாவோடு பழகிய பக்கத்து வீட்டாரையோ கேட்டுப் பாருங்கள். அவர் தனியாக இருந்த மதியங்களில் என்ன உண்டார், தாய் வீட்டுக்குப் போனால் எதைக் கேட்டு வாங்கி உண்டார், கருவுற்றிருந்தபோது எதற்கு ஆசைப்பட்டார் என்று கேட்டால் விடை கிடைக்க வாய்ப்புண்டு. தாயார் உயிரோடு இருக்கும் வாசகர்கள் இன்றே அவரிடம் நேரில் கேட்கலாம். “எனக்கென்ன, எதுவானாலும் சரி” என்றுதான் முதலில் சொல்வார். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புதிதாகக் குடிவந்திருக்கிறோம். சாதாரணக் குழம்பையும் பொரியலையும் எதிர் வீட்டுக்குக் கொடுத்தால் அற்பமாக நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இனிப்பைக் கொடுத்தால் அது மரியாதையோடு நின்றுவிடும், குழம்பைக் கொடுத்தால்தான் உறவு தொடங்கும் என்று நான் நம்புகிறேன். உங்கள் ஊரின் அரிசிம்பருப்புச் சாதத்தையோ கொள்ளுப் பருப்பையோ ஒரு சிறிய கிண்ணத்தில், அவர்கள் சமைத்து முடிப்பதற்கு முன்பாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். பிந்திப் போனால் அது வீணாகலாம். முதல் முறை சைவமாக இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை, நோன்பு நாள்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேர்க்கடலையோ எள்ளோ சேர்த்திருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதையும் சொல்லிவிடுங்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்ற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் அதில் நான்கு பழமோ ஒரு பிடி சர்க்கரையோ வைத்துத் தருவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணம் வெறுமையாகவே திரும்பி வந்தாலும் ஒரு வாரம் விட்டு மறுபடி கொடுங்கள்.