காரை விற்ற பிறகு பழுது என்று சொல்லி, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

விற்ற மறுவாரமே கியர்பாக்ஸ் போய்விட்டது, பாதிப் பணம் வேண்டும் என்கிறார், இல்லையா? பயந்துபோய் உடனே கொடுத்துவிடாதீர்கள். தனிநபர் விற்பனையில், ஓட்டிப் பார்த்து, இருக்கிற நிலையில் வாங்கிய வண்டி பின்னால் பழுதானால் பெரும்பாலான இடங்களில் செலவு வாங்கியவருடையதுதான். ஆனால் கோளாறு தெரிந்தும் நீங்கள் மறைத்திருந்தால், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டியிருந்தால், கதையே வேறு. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற வாதம் அங்கே நிற்காது. அதனால் முதலில் உங்கள் விளம்பரத்தை எடுத்துப் படியுங்கள். 'ஒரு குறையும் இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொள்வார். போனில் வாக்குவாதம் வேண்டாம். எழுத்தில் பேசுங்கள், மெக்கானிக் அறிக்கையைக் கேளுங்கள். அப்புறம், பெயர் மாற்றம் முடிந்ததா என்று இன்றே பாருங்கள். முடியாவிட்டால் அவர் வாங்கும் அபராதமும் உங்கள் பெயருக்கே வரும்.