உட்கார்ந்து தியானம் செய்ய முடியாதவர்கள் லேபிரிந்த் என்ற சுற்றிச் சுற்றி வளைந்து நடுவுக்குப் போகும் பாதையில் நடந்தால் அது தியானம் ஆகுமா?

ஆகும். எனக்கு ஆனது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே கால் ஆட ஆரம்பித்துவிடும் ரகம்தானே நீங்கள்? நானும் அதே. ஒரு தியான வகுப்பில் மூன்றாம் நாளே, "உங்களுக்கு மனப்பக்குவம் போதாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். கட்டிய பணத்தை மட்டும் பக்குவமாக வைத்துக்கொண்டார்கள். பாதியாவது திருப்பித் தாருங்கள் என்று மூன்று முறை மின்னஞ்சல் போட்டேன். பற்றை விடச் சொல்லிப் பதில் வந்தது. சரி, அது வேறு கதை.

லேபிரிந்த் என்றதும் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும் புதிர்ப்பாதை என்று பயப்பட வேண்டாம். கிளையே இல்லாத ஒரே பாதை. நடுவுக்குப் போய் அதே வழியில் திரும்பலாம். அபிமன்யு கதை ஆகாது.

நான் நடந்தது ஒரு கூடத்தில் விரித்திருந்த கேன்வாஸ் துணியில். பிரான்சின் சார்ட்ரஸ் தேவாலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த 11 சுற்று வடிவத்தை வரைந்திருந்தார்கள். அங்குள்ள அசலின் குறுக்களவு சுமார் 13 மீட்டர்தான். பாதையோ 260 மீட்டருக்கு மேல்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சில வளைவுகளிலேயே நடுவட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் பாதை கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஒரு துணியின் மேல் கோபம் வருமா? வந்தது. முன்னால் போன பெண்மணி திருப்பத்துக்குத் திருப்பம் நின்றார். முந்தலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நடுவிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர், கோட்டின் மேல் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். அவர் காலுறையின் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததில் போட்ட கணக்கு மறந்தே போனது. அப்புறம் இருந்ததெல்லாம், துணியின் தையல் மேல் பாதம் படுவது மட்டும்தான். வெளிச்சுற்றில் கிடக்கிறோம், இன்னும் எவ்வளவு தூரமோ என்றிருந்தபோது, இரண்டு மூன்று வளைவில் சட்டென்று நடு வந்துவிட்டது. வாய் தானாக ஒரு பெயரைச் சொன்னது. யார் பெயர் என்று இங்கே எழுதப்போவதில்லை.

உடனே "இது கிறித்தவச் சடங்கு" என்று சிலர் வருவார்கள். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த, கி.மு. 1200 வாக்கிலான களிமண் பலகையிலேயே ஏழு சுற்று வடிவம் கீறப்பட்டிருக்கிறது. "வெறும் வாக்கிங்தானே" என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போகும்போது சுமையை இறக்கு, நடுவில் கிடைப்பதை வாங்கு, வரும்போது அதைக் கொண்டுவா என்று மூன்று கட்டமாகச் சொல்லித்தருவார்கள். நான் எதையும் பின்பற்றவில்லை. நடக்க முடியாவிட்டால் காகிதத்தில் அச்சிட்டு விரலால் மெல்லத் தடவிக்கொண்டு போகலாம். அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான்.

போனை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை நான் போனபோது நடுவட்டத்தில் ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். பாதையில் நாலு பேர் வரிசையாகக் காத்து நின்றோம்.