எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல வேண்டாத பார்ட்டிஷன தூக்குறது எப்படி? கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பழைய லேப்டாப் செத்துப் போனதும் அதுல இருந்த ஹார்ட் டிஸ்க்க கழட்டி ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு எக்ஸ்டர்னலா வச்சுக்கிறது இப்போ நிறைய பேரு பண்றாங்க. நல்ல விஷயம்தான். ஆனா சொருகினதும் ஒரு டிரைவுக்கு பதிலா நாலு டிரைவ் வந்து நிக்கும் (ஒரே டிஸ்க்க பிரிச்சு வச்ச இந்த துண்டு ஒவ்வொண்ணும் ஒரு பார்ட்டிஷன்), அதுல ரெண்டு எதுக்குன்னே தெரியாது, டெலிட் பண்ணப் போனா ஆப்ஷனே வராது. மதுரைல சர்வீஸ் பெஞ்ச்ல 12 வருஷமா உக்காந்திருக்கேன், வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேக்காம இருக்கறதில்ல. வந்த கேள்வி எல்லாத்தையும் ஒரே இடத்துல எடுத்து எழுதிட்டேன். கமாண்ட் எல்லாம் தமிழ்லயே எழுதி இருக்கேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

அக்கா, பழைய லேப்டாப்போட 500 ஜிபி டிஸ்க்க கேஸ்ல போட்டேன். சிஸ்டம் ரிசர்வ்டுன்னு 100 எம்பி, பழைய சி, பழைய டி, அப்புறம் ரெக்கவரின்னு 15 ஜிபி. இது எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே டிரைவா ஆக்கணும்.

தம்பி, முதல்ல அந்த பழைய சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டர திறந்து பாருங்க. டெஸ்க்டாப்ல போட்டு வச்சது, டவுன்லோட்ஸ், ஃபோன்ல இருந்து காப்பி பண்ணின போட்டோ எல்லாம் அங்கதான் கிடக்கும், டி டிரைவ மட்டும் காப்பி எடுத்துட்டு சி-ய மறந்துட்டு அழிச்சவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன்.

காப்பி எடுத்தாச்சுன்னா விண்டோஸ் கீயும் எக்ஸும் சேர்த்து அமுக்குங்க, வர்ற லிஸ்ட்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். திறந்தா கீழ் பாதில டிஸ்க் 0, டிஸ்க் 1ன்னு வரிசை வரிசையா கட்டம் தெரியும். ஒரு வரிசைன்னா ஒரு டிஸ்க். உங்க 500 ஜிபி அங்க 465ன்னு காட்டும், பயப்படாதீங்க, கம்பெனிக்காரங்க 1000 1000மா கணக்கு போடுறாங்க, விண்டோஸ் 1024 1024ஆ போடுது, அவ்ளோதான் வித்தியாசம். அந்த 465 இருக்கற வரிசைல ஒவ்வொரு கட்டத்துலயும் ரைட் கிளிக் பண்ணி டெலிட் வால்யூம் குடுங்க. மேல இருக்கற நீலக் கோடு கருப்பா மாறி அன்அலொகேட்டட்னு (எதுக்கும் ஒதுக்காத காலி இடம்) வரும். சில பழைய டிஸ்க்ல கருப்புக்கு பதிலா பச்சைக் கட்டத்துக்குள்ள ஃப்ரீ ஸ்பேஸ்னு நிக்கும், அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனோட கூடு, அதையும் இன்னொரு தடவ ரைட் கிளிக் பண்ணி டெலிட் பண்ணாதான் கருப்பாகும். எல்லாம் கருப்பா ஒண்ணா சேர்ந்ததும் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுத்துட்டே போங்க.

ரெக்கவரி கட்டத்துல மட்டும் ரைட் கிளிக் பண்ணா ஹெல்ப்ங்கற ஒரே ஒரு வரிதான் வரலாம். அதுக்கு அடுத்த பதில பாருங்க.

எனக்கும் அதே கதைதான் அக்கா, ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு 200 எம்பி, டெலிட் வால்யூம் மங்கலா இருக்கு, கிளிக்கே ஆகல.

200 எம்பின்னா பெரும்பாலும் அந்த டிஸ்க்க யாரோ மேக்ல ஒரு தடவ ஃபார்மேட் பண்ணி இருக்காங்க. மேக், ஜிபிடிங்கற முறைல (பார்ட்டிஷன் விவரத்த டிஸ்க்ல எழுதி வைக்கற புது முறை) ஃபார்மேட் பண்ணும்போது முன்னாடியே இப்படி ஒரு சின்ன பார்ட்டிஷன் போட்டுடும். ஈஎஃப்ஐ, ரெக்கவரி மாதிரி வகைய விண்டோஸ் தெரியாத்தனமா யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கு, ஏன்னா உங்க லேப்டாப் ஸ்டார்ட் ஆகறதே அது மாதிரி ஒரு பார்ட்டிஷன்ல இருந்துதான். அதனால இதுல டிஸ்க்பார்ட்ங்கற, விண்டோஸோடவே வர்ற கமாண்ட் டூல்தான் வழி.

கமாண்ட் ப்ராம்ப்ட்ட ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்து திறங்க, டிஸ்க்பார்ட்னு அடிச்சு எண்டர். அப்புறம் லிஸ்ட் டிஸ்க். சைஸ பார்த்து உங்க எக்ஸ்டர்னல் எந்த நம்பர்னு கண்டுபிடிங்க, 2ன்னு வச்சுக்கோங்க, செலக்ட் டிஸ்க் 2. இங்க நிறுத்துங்க. எல்லாரும் நேரா அடுத்த கமாண்டுக்கு போயிடுறாங்க, நீங்க போகாதீங்க. டீடெயில் டிஸ்க்னு அடிங்க. டிஸ்கோட மாடல் பேரு, டைப்ங்கற இடத்துல யூஎஸ்பி, கீழ அதுல இருக்கற டிரைவ் எழுத்து எல்லாம் வரும். அங்க சி டிரைவ் தெரிஞ்சாலோ யூஎஸ்பின்னு இல்லாம வேற ஏதாவது இருந்தாலோ விண்டோவ மூடிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க. (சில வேகமான எஸ்எஸ்டி கேஸ் மட்டும் யூஎஸ்பின்னு காட்டாம போகலாம், அப்போ மாடல் பேர வச்சு பாருங்க.)

சரியா இருந்தா லிஸ்ட் பார்ட்டிஷன், அதுல 200 எம்பி எந்த நம்பரோ அது, 1ன்னா செலக்ட் பார்ட்டிஷன் 1, கடைசியா டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு. அந்த ஓவர்ரைடுங்கற வார்த்தைதான் பூட்ட உடைக்கறது, அது இல்லாம அடிச்சா ப்ரொடெக்டட் பார்ட்டிஷன், முடியாதுன்னு திட்டிட்டு நிறுத்திடும்.

வீடியோல எல்லாம் க்ளீன்னு ஒரு கமாண்ட் சொல்றாங்களே, ஒரே அடில முடிஞ்சிடும்னு. அதை ஏன் சொல்லல?

சொல்றேன், ஆனா முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். 2017ல ஒரு மத்தியானம், பெஞ்ச்ல ரெண்டு எக்ஸ்டர்னல் ஒரே நேரத்துல சொருகி இருந்துச்சு, ரெண்டும் 1 டிபி, ரெண்டும் கருப்பு, ரெண்டும் லிஸ்ட்ல 931 ஜிபின்னுதான் காட்டுது. ஒண்ணு கஸ்டமரோடது, காலி பண்ணணும். இன்னொண்ணு எங்க சித்தப்பாவோடது, அவரு பொண்ணு காதுகுத்துல இருந்து சடங்கு வரைக்கும் போட்டோ எல்லாம் அதுலதான். க்ளீன்னு அடிச்சு எண்டர தட்டினேன், ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிடுச்சு, ஆர் யூ ஷ்யூர்னு ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் மை கம்ப்யூட்டர திறந்தா சித்தப்பா டிஸ்க்க காணோம். கை நடுங்கி போச்சு.

போட்டோ திரும்ப கிடைச்சுது. எப்படின்னா, க்ளீன்ங்கறது பார்ட்டிஷன் டேபிள மட்டும்தான் அழிக்குது, உள்ள இருக்கற ஃபைல் மேல எழுதறதில்ல. புத்தகத்துல பொருளடக்கத்த கிழிச்ச மாதிரி, பாடம் அப்படியே இருக்கு. ஆனா க்ளீன் ஆல்னு அடிச்சிருந்தா டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதி இருக்கும், 1 டிபிக்கு மூணு மணி நேரம் மாதிரி ஓடும், அதுக்கப்புறம் எவராலயும் எடுக்க முடியாது. சுத்துற ஹார்ட் டிஸ்க்க விக்கப் போறீங்கன்னா க்ளீன் ஆல் நல்லது, சும்மா பார்ட்டிஷன எடுக்க அது வேண்டாம்.

அன்னைக்கு இருந்து என் பழக்கம், டிஸ்க்பார்ட் திறக்கறதுக்கு முன்னாடி வேலைக்கு வேண்டிய ஒரு டிஸ்க்க தவிர மத்த பென் டிரைவ், எக்ஸ்டர்னல், மெமரி கார்டு அத்தனையும் உருவி டேபிள்ல வச்சிடுவேன். நம்பர நம்பாதீங்க, நேத்து 2ஆ இருந்த டிஸ்க் இன்னைக்கு சொருகும்போது 1ஆ வரலாம்.

ஒரு பார்ட்டிஷன் மட்டும் போகணும், பக்கத்துல இருக்கறது இருக்கணும்னா க்ளீன் பக்கமே போகாதீங்க. அது டிஸ்க்ல உள்ள எல்லா பார்ட்டிஷனையும் தூக்கிடும்.

15 ஜிபிய டெலிட் பண்ணிட்டேன் மேடம், ஆனா பக்கத்து டிரைவோட சேர்க்கலாம்னு பார்த்தா எக்ஸ்டெண்ட் வால்யூம் வேலை செய்யல.

ரெண்டு காரணத்துல ஒண்ணா இருக்கும். ஒண்ணு, கருப்புக் கட்டம் உங்க டிரைவுக்கு வலது பக்கம் ஒட்டினாப்ல இருக்கணும், இடது பக்கம் இருந்தாலோ நடுவுல வேற பார்ட்டிஷன் இருந்தாலோ விண்டோஸால முடியாது. ரெண்டு, உங்க டிரைவோட ஃபார்மேட் (ஃபைல எழுதி வைக்கற முறை) எக்ஸ்ஃபேட்டாவோ ஃபேட்32வாவோ இருந்தா எக்ஸ்டெண்டே கிடையாது, என்டிஎஃப்எஸ் ஆ இருந்தாதான் உண்டு.

இடது பக்கம் காலி இருக்குன்னா ஜிபார்ட்டட்னு லினக்ஸ்ல ஒரு இலவச டூல் இருக்கு, அது பார்ட்டிஷனோட ஆரம்பத்தையே இடது பக்கம் தள்ளிக் குடுக்கும். ஆனா அப்படி தள்ளும்போது உள்ள இருக்கற டேட்டாவ பூரா அது இடம் மாத்தி எழுதுது, மணிக்கணக்கா ஓடும், நடுவுல கரண்ட் போச்சுன்னாலோ யூஎஸ்பி கேபிள் ஆடிச்சுன்னாலோ டிரைவ் போயிடும். 15 ஜிபிக்காக அந்த ரிஸ்க் எடுக்காதீங்க. காப்பி எடுத்து வச்சுட்டு எல்லாத்தையும் அழிச்சு புதுசா ஒரே வால்யூம் போடுறதுதான் என் கருத்து, நேரமும் கம்மி. டைனமிக் டிஸ்க்கா மாத்தட்டுமான்னு விண்டோஸ் கேட்டா நோ குடுங்க.

கல்யாண ஸ்டுடியோல வீடியோவ எங்க ஹார்ட் டிஸ்க்லயே போட்டு குடுத்தாங்க. வீட்ல சொருகினா ஒண்ணுமே வரல. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 200 எம்பி ஒண்ணு, 931 ஜிபி ஒண்ணு, பேரே இல்லாம இருக்கு. பேர் இல்லாதத டெலிட் பண்ணிட்டு புதுசா போடலாமா?

வேண்டாம்! கைய எடுங்கம்மா, உங்க கல்யாண வீடியோ அந்த பேர் இல்லாத 931 ஜிபிக்குள்ளதான் இருக்கு. ஸ்டுடியோல மேக்ல எடிட் பண்ணி இருப்பாங்க, மேக்குக்கு உண்டான முறைல ஃபார்மேட் பண்ணிட்டாங்க, விண்டோஸுக்கு அதை படிக்கத் தெரியாது, அதனால காலியா இருக்கற மாதிரி தெரியுது. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு ஏதாவது பெட்டி வந்தாலும் கேன்சல் குடுங்க. அதே ஸ்டுடியோவுக்கு கொண்டு போயி வேற டிஸ்க்ல எக்ஸ்ஃபேட்ல காப்பி போட்டு வாங்குங்க, எக்ஸ்ஃபேட்ட மேக்கும் படிக்கும் விண்டோஸும் படிக்கும். வீடியோ ஓடுதான்னு வீட்ல உக்காந்து நிதானமா பார்த்த பிறகு பழைய டிஸ்க்க என்ன வேணா பண்ணுங்க.

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். 4 டிபி டிஸ்க் ஒண்டு வாங்கினனான், அதில 2048 ஜிபிக்கு மேல பாவிக்கேலாம இருக்கு. மிச்சம் 1678 ஜிபி கறுப்பா நிக்குது, ரைட் கிளிக் செய்தாலும் ஒண்டும் வருதில்ல.

உங்க டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய முறைல இருக்கு. எம்பிஆர்ல இடத்த எண்ணுறதுக்கு 32 பிட் தான் ஒதுக்கி இருக்காங்க, ஒரு செக்டருக்கு 512 பைட்டுன்னு பெருக்கினா 2 டிபியோட எண்ணிக்கை தீர்ந்து போயிடும். ஜிபிடிக்கு மாத்தணும். உள்ள இருக்கறத வேற எங்கயாவது எடுத்து வச்சுட்டு, இருக்கற வால்யூம டெலிட் பண்ணிட்டு, இடது ஓரத்துல டிஸ்க் 1ன்னு பேர் இருக்குல்ல, அந்த சாம்பல் கட்டத்துல ரைட் கிளிக் பண்ணுங்க, கன்வெர்ட் டு ஜிபிடி டிஸ்க்னு வரும். டிஸ்க்ல ஒரு பார்ட்டிஷன் மிச்சம் இருந்தாலும் அது மங்கலாத்தான் இருக்கும். மாத்தினதும் முழு 3726 ஜிபியும் ஒரே கட்டமா வந்துடும்.

நான் ரிட்டயர்டு வாத்தியார்மா. என் ஹார்ட் டிஸ்க் சொருகினா கூடவே சிடி படம் போட்டு ஒரு டிரைவ் வருது. ஃபார்மேட் பண்ணாலும் போக மாட்டேங்குது.

ஐயா, அது பார்ட்டிஷனே இல்ல. டிஸ்க்கோட சர்க்யூட்டுக்குள்ளயே கம்பெனிக்காரங்க ஒரு சிடி மாதிரி நடிக்க வச்சிருக்காங்க, அவங்க சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்கறதுக்காக. 2010 வாக்குல வந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் நிறையத்துல இது உண்டு. டிஸ்க்பார்ட்டாலயும் எடுக்க முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அந்த சிடி மேல ரைட் கிளிக் பண்ணி சேஞ்ச் டிரைவ் லெட்டர்ஸ் போயி ரிமூவ் குடுத்துடுங்க, அந்த கம்ப்யூட்டர்ல கண்ணுல படாது.

உபுண்டு போட்ட 32 ஜிபி பென் டிரைவ் இப்போ சின்னதா ஏதோ சில எம்பிதான் காட்டுது. டிரைவ் போச்சா?

போகல. நீங்க பென் டிரைவ்ல எழுதின உபுண்டு இமேஜ் ஃபைல் தனக்குன்னு பார்ட்டிஷன் போட்டுக்கிச்சு, அதுல சின்னது மட்டும்தான் விண்டோஸ் கண்ணுக்கு தெரியுது. இதுக்குத்தான் க்ளீன் சரியான மருந்து: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், 28 இல்லன்னா 29 ஜிபி எதுன்னு பார்த்து செலக்ட், டீடெயில் டிஸ்க், அப்புறம் க்ளீன். பிறகு நியூ சிம்பிள் வால்யூம்.

மேக்ல இருந்து எப்படி எடுக்கறது?

டிஸ்க் யூட்டிலிட்டி, மேல வியூல ஷோ ஆல் டிவைசஸ் குடுங்க, அது குடுக்கலன்னா முழு டிஸ்க் லிஸ்ட்லயே வராது. மேல இருக்கற டிஸ்க் பேர செலக்ட் பண்ணி பார்ட்டிஷன் பட்டன், வட்டத்துல வேண்டாத துண்ட தொட்டு மைனஸ். முழுசா காலி பண்ணணும்னா அதே பேர்ல எரேஸ், ஸ்கீம்ல குய்டு பார்ட்டிஷன் மேப்.

அழிக்கக் கூடாதத அழிச்சிட்டேன் அக்கா. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அப்பாவோட பழைய போட்டோ எல்லாம் அதுல.

முதல் வேலை, அந்த டிஸ்க்க உருவிடுங்க. அதுல புதுசா பார்ட்டிஷன் போடாதீங்க, ஃபார்மேட் பண்ணாதீங்க, ரெக்கவரி சாஃப்ட்வேர அதுலயே இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. சுத்துற ஹார்ட் டிஸ்க்ல பார்ட்டிஷன அழிச்சதால மட்டும் டேட்டா போகாது, அதுக்கு மேல வேற ஏதாவது எழுதினாதான் போகும்.

டெஸ்ட்டிஸ்க்னு ஒரு டூல், முழுக்க இலவசம், சித்தப்பா டிஸ்க்க எனக்கு மீட்டுக் குடுத்ததும் அதுதான். கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா இருக்கும், மௌஸ் வேலை செய்யாது, அம்புக்குறி கீயும் எண்டரும்தான். டிஸ்க்க தேர்ந்தெடுத்து அனலைஸ், க்விக் சர்ச். பழைய பார்ட்டிஷன் பேரு லிஸ்ட்ல வந்ததும் அது மேல நின்னு இங்கிலீஷ் பீ (P) எழுத்த அமுக்குங்க, உள்ள இருக்கற ஃபோல்டர் பேரெல்லாம் வரும். அப்பா போட்டோ ஃபோல்டர் அங்க தெரிஞ்சா பாதி உயிர் வந்துடும். உடனே ரைட் (Write, அதாவது டிஸ்க்ல எழுதறது) குடுத்துடாதீங்க, முதல்ல அங்க இருந்தே வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க.

டிஸ்க்ல பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டிருந்தீங்கன்னா 48 இலக்க ரெக்கவரி கீ கைல வேணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகி இருக்கான்னு பாருங்க. டிஸ்க் கடக் கடக்னு சத்தம் போடுதுன்னா மட்டும் இது எதையும் முயற்சி பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவ சொருகும்போதும் இன்னும் கெடும், டேட்டா ரெக்கவரி பண்றவங்க கிட்ட நேரா குடுத்துடுங்க. என்ன ஆச்சுன்னு எழுதுங்க, பார்த்துட்டு இருப்பேன்.

டிஸ்க்பார்ட்ல மட்டும் ரிசர்வ்டுன்னு 16 எம்பி ஒண்ணு தெரியுது, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இல்ல. இதையும் எடுத்துடவா?

விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்ல தானா போட்டுக்கிறது அது, டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை காட்டாது. ஃபோன்ல நாலு போட்டோ எடுத்தா அவ்ளோ இடம்தான். அப்படியே விட்டுடுங்க.