கலிபோர்னியாவில் இரவில், ஒரு கடைக்கு எதிரே, ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் ரோட்டைக் கடந்தேன்; கார் தூரத்தில்தான் வந்தது. போலீஸ் கொடுத்த அபராத டிக்கெட் செல்லுமா?

செல்லலாம். 2023 ஜனவரி 1 முதல் அங்கே ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் கடந்ததற்காக மட்டும் போலீஸ் நிறுத்தக் கூடாது. வண்டி மோதும் ஆபத்து கண்ணெதிரே இருந்தால் நிறுத்தலாம்.

"கார் தூரத்தில்தான் வந்தது" என்கிறீர்கள். அது சடாரென்று பிரேக் போட்டதா? பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். இருட்டில் ஹெட்லைட்டை வைத்து வேகத்தைக் கணிப்பது நமக்கெல்லாம் சரியாக வருவதில்லை.

டிக்கெட்டில் பிரிவு எண்ணைப் பாருங்கள். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 21954 அல்லது 21955 என்றிருந்தால், மோதும் நிலையே இல்லை என்பதுதான் உங்கள் வாதம். எதிர்க் கடையின் கேமராப் பதிவை அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், டிக்கெட் தள்ளுபடியானாலும் கவனமாகக் கடக்கும் பொறுப்பு உங்களுடையதுதான். அடிபட்டால், உங்கள் தவறின் அளவுக்கு நஷ்டஈடு குறையும்.