“நல்லாத் தூங்குறான்னு நினைச்சேன்”

கேள்வி: என் மூத்த மகனுக்கு 24 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் வைத்திருந்தோம். முகம் தெளிந்து, உடம்பு தேறி வந்தான். வந்த இரண்டாவது வாரம், செல்போன் சரிசெய்ய வேண்டும் என்று அவன் அப்பாவிடம் 500 ரூபாய் வாங்கிப் போனான். இரவு வந்து படுத்தவன் பெரிதாகக் குறட்டை விட்டான். எத்தனையோ நாள் கழித்து நன்றாகத் தூங்குகிறான் என்று ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது. போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் ஆனது. சொந்தக்காரர்களிடம் நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டோம். பாட்டி வீட்டில் இருந்து பிளஸ் டூ படிக்கும் சின்னவனிடமும் அதைத்தான் சொன்னோம். பெரியவன் பேரை எடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார். போட்டோகூட மாட்டவில்லை. அடுத்த மாதம் தலை திவசம். பக்கத்து அறையில் இருந்துகொண்டே பிள்ளையைச் சாகவிட்டேனே என்று, ராத்திரியானால் அந்தக் குறட்டைதான் காதில் கேட்கிறது. நானும் அவன் பின்னாலேயே போய்விடலாமா என்றிருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசி வரியை முதலில் பேசிவிடுவோம். அந்த நினைப்பு வரும் இரவில் தனியாக இருக்காதீர்கள். கணவரை எழுப்புங்கள். அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தினமும் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது அந்தக் குறட்டை. அபின் வகையைச் சேர்ந்த மருந்தும், அதைப் போலவே வேலை செய்யும் வலி மாத்திரைகளும் அளவு மீறினால் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்கிவிடும். தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகும் வழி குறுகும். அப்போது வரும் சத்தம் குறட்டை போலவே இருக்கும். உலகம் முழுக்க இப்படிப் பிள்ளையை, கணவனைப் பறிகொடுத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் நீங்கள் எழுதிய அதே வாக்கியத்தைத்தான்: நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தோம். மூன்று மாதம் பிரிந்திருந்த மகன் தன் கட்டிலில் கிடந்து தூங்கும் சத்தம் உங்கள் காதுக்கு நிம்மதியாகத்தானே இருந்திருக்கும்? அதற்கு வேறு பொருள் உண்டு என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தார்களா?

சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் அங்கேதான். சில வாரம் போதையை விட்டாலே, முன்பு தாங்கிய அளவை உடம்பு தாங்காது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் இவர்களுக்கு மிக ஆபத்தானவை. பழைய நினைப்பில் பழைய அளவையே ஏற்றிக்கொள்வார்கள். இது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த சங்கதி. பில்லைத் தீர்த்து, அறிவுரை சொல்லி அனுப்பிய நாளில் இதையும் வீட்டாரை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? ஆனால் ‘மையத்துக்கு அனுப்பியதே தப்போ’ என்று இதை இன்னொரு பாரமாகத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிழைக்கட்டும் என்றுதான் அனுப்பினீர்கள்.

(வீட்டில் இந்தப் பழக்கம் உள்ள பிள்ளை இருக்கும் மற்றவர்களுக்கு: வழக்கமில்லாத குறட்டை, களகளவென்ற சத்தம், நீலம் பாய்ந்த உதடு, உலுக்கியும் எழாத தூக்கம் — இவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நின்றிருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன போட்டான் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த வகை மருந்தின் வேலையை முறித்து மூச்சைத் திரும்ப வரவைக்கும் நாலோக்சோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. இதைச் சாதாரண மக்கள் கைக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். நம் ஊரில் அது இன்னும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது.)

உங்கள் கணவர் கொடுத்த 500 ரூபாயை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். அவரால் கடக்க முடிந்திருக்காது என்று தோன்றுகிறது. பேரைக் கேட்டாலே எழுந்து போவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அந்தக் குறட்டை போல அவருக்கு அந்த நோட்டு. ஒரு நாள், சண்டையின் நடுவே இல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில், “நீங்க பணம் குடுத்ததால அவன் போகலை” என்று மட்டும் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. உண்மையும் அதுதான், அவர் கொடுக்காவிட்டால் அவன் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பான்.

ஊராரிடம் என்ன சொல்வது? எல்லாருக்கும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. துருவிக் கேட்பவர்களிடம் “ரொம்ப நாளா உடம்பு சரியில்லாம இருந்தான்” என்றால் போதும். அதில் பொய் ஏதுமில்லை, போதை அடிமைத்தனம் நோய்தான். ஆனால் ஒரே ஒருவரிடமாவது, அக்காவோ தோழியோ, நடந்ததை நடந்தபடி சொல்லி அழுங்கள். நெஞ்சுவலி என்ற கதையைக் காப்பாற்றிக்கொண்டே அழும்போது பாதி அழுகை உள்ளேயே நின்றுவிடும். சென்னையில் டி.டி.கே. போதை சிகிச்சை மருத்துவமனையை 1980-ல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். நாடறிந்த தொழில் குடும்பம். மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். அவர் வெளியே சொன்னார். நீங்கள் மருத்துவமனை கட்ட வேண்டாம், ஒருவரிடம் சொன்னால் போதும்.

அவன் மேல் கோபம் வந்தால் வரட்டும். “ஏன்டா இப்படிப் பண்ணே” என்று திட்டுவதும் பெற்றவள் அழும் அழுகைதான்.

திவசத்தை ஒளித்துச் செய்யாதீர்கள். போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், நோய்க்கு முந்தைய முகமாகத் தேடி எடுங்கள். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் வையுங்கள். அவனுடைய 24 வருஷமும் ஊசியோடு போகவில்லையே.

அதற்கு முன்னால் சின்னவனிடம் பேசிவிடுங்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பாட்டி வீட்டில் இருந்தாலும் 17 வயதுப் பையன், கையில் போன். உங்களை நோகடிக்க வேண்டாம் என்று அவனும் நடித்துக்கொண்டிருக்கலாம். நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து, அண்ணனுக்கு இருந்த நோய் இது, அன்றிரவு நடந்தது இது என்று சொல்லுங்கள். அவன் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். திவசத்தன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். யாரோ ஒரு மாமா வாய்தவறி உளறி அவனுக்குத் தெரியவரக் கூடாது.