சென்னைப் புறநகரில் இவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் வேலைவாய்ப்பா, ரியல் எஸ்டேட்டா?

நான் 2003இல் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்டு வாங்கி, இரண்டு வருடம் கழித்து வீடு கட்டிக் குடிவந்தவன். அதனால் கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். ஆட்களைச் சென்னைக்கு இழுத்தது வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களைத் தாம்பரத்தையும் தாண்டிக் கொண்டுபோய் உட்கார வைத்தது மனை வியாபாரம்.

2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்ட மக்கள் தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சம் ஆனது, அதாவது 7 சதவீதம்தான் கூடியது. அதே பத்து வருடத்தில், தாம்பரமும் சோழிங்கநல்லூரும் அப்போது சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்குப் போனது, ஏறக்குறைய 39 சதவீதம். திருவள்ளூர் 35 சதவீதம். நகரத்துக்குள் இடமும் இல்லை, இருந்த இடத்தை வாங்க எங்களைப் போன்றவர்களிடம் பணமும் இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது, 1990களின் கடைசியில் மறைமலை நகரில் கார் தொழிற்சாலை வந்தது, 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. சம்பளம் கையில் வந்ததும் வங்கிகளும் வீட்டுக் கடன் தர ஆரம்பித்தன. மனை போடுபவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேன் நிற்கும். ஏற்றிக்கொண்டு போய், எல்லைக்கல்லுக்கு வெள்ளையடித்துக் கொடி கட்டிய வயலைக் காட்டி, மதியம் சாப்பாடும் போட்டு அனுப்புவார்கள். நான் போனது மே மாதம், தரை வெடித்துக் கிடந்தது, அது பக்கத்து ஏரியின் உபரிநீர் போகிற பாதை என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குக் காட்டிய வரைபடத்தில் பச்சையாக ஒரு பூங்கா இருந்தது. 2007இல் அந்தப் பூங்காவும் நான்கு மனைகளாக விலைபோனது. கேட்டால், அது பஞ்சாயத்து அப்ரூவல் லேஅவுட், இடம் விட வேண்டிய கட்டாயம் இல்லை என்றார்கள். உண்மையில் லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரவேண்டியது சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்புத் துறை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பத்தில் ஒரு பங்கு இடத்தைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இதெல்லாம் நான் தெரிந்துகொண்டது பத்திரம் பதிந்து பல வருடம் கழித்து. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்ட பிறகுதான் நிறையப் பேர் தங்கள் பத்திரத்தையே எடுத்துப் படித்தார்கள். அடுத்த வருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது, வரிசையில் நின்று கட்டணம் கட்டினோம். மனை சட்டப்படி சரியாகிவிட்டது. தண்ணீர் போகும் பாதை அதே இடத்தில்தான் இருக்கிறது.

இங்கே எல்லாமே தலைகீழ் வரிசையில்தான் வரும். முதலில் மனை, அப்புறம் வீடு, அப்புறம் ஆட்கள், அப்புறம் கரண்ட் கம்பம், ரோடு, கடைசியில் எப்போதாவது மழைநீர் வடிகால். பாதாளச் சாக்கடை இல்லாததால் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். பக்கத்திலேயே போர்வெல். நாங்கள் வந்த புதிதில் நாற்பதடியில் தண்ணீர் இருந்தது, இப்போது இருநூறடி போட்டவர்களும் கோடையில் லாரிக்குப் போன் செய்கிறார்கள். புதிதாகக் கட்டுபவர் பக்கத்து வீட்டைவிட இரண்டடி உயர்த்தி பேஸ்மட்டம் போடுவார், ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவார்கள், இப்படியே பதினைந்து வருடம் போனால் முதலில் வந்தவன் வீடு பள்ளத்தில் கிடக்கும். எங்கள் தெருவில் இரண்டு பேர் ஜாக்கி வைத்து வீட்டையே நான்கடி தூக்கிவிட்டார்கள். அதற்கான பணம் எல்லாரிடமும் இல்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, அடையாறு எங்கள் வழியாகத்தான் போனது. வரதராஜபுரமும் முடிச்சூரும் முங்கின. மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் ஒன்பது பேர் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள், அதில் பிறந்து நாற்பது நாளான குழந்தை ஒன்று. ஆற்றைத் திட்டியவர்கள் அன்றைக்கு யாரும் இல்லை. நாம்தான் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது.

நிர்வாகம் ஆட்களுக்குப் பின்னால்தான் ஓடிவருகிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியை உருவாக்கினார்கள், முடிச்சூர் அப்போதும் ஊராட்சியாகவே நின்றது. அடுக்குமாடிகள் எழும்பிய ஊரை ஒரு கிராமத்துக்கான ஆளையும் வருமானத்தையும் வைத்து நடத்த வேண்டியிருந்தது. 2021இல் எடுக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கும் தள்ளிப்போய்விட்டதால், நிதி ஒதுக்கும்போது பார்ப்பது 2011ஆம் ஆண்டின் எண்ணிக்கையை. அதற்குப் பிறகு வந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது, தண்டவாளம் எதிரிலேயே இருந்தும் ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை, பெட்டி படுக்கையோடு ஜனங்கள் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் அலைந்தார்கள்.

அதற்காக, இங்கே வந்தவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வாடகை வீட்டில் அம்மாவின் காரியத்தைச் செய்ய வீட்டுக்காரர் சம்மதிக்காமல் வெளியே மண்டபம் தேடியவன் நான். சொந்தமாக நான்கு சுவர் வேண்டும் என்கிற ஆசையின் எடை எனக்குத் தெரியும். அந்த ஆசையை வைத்து வயலையும் ஓடையையும் துண்டு போட்டு விற்றவர்கள் மீதும், விற்கட்டும் என்று பத்திரம் பதிந்துகொடுத்த அமைப்பு மீதும்தான் என் கோபம்.

இப்போது என் மகன் படப்பைக்கு அந்தப் பக்கம் மனை பார்க்கிறான். போன கோடையிலேயே முன்பணம் கொடுக்கப் போனவனை நிறுத்தி, மழை வரட்டும் என்றேன். நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும், அதன் வகையும் உரிமையாளர் பெயரும் இருக்கும் அ-பதிவேடும் எடுத்துப் பார்த்தோம், காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் இரண்டு பேரும் பைக்கில் போனோம். எல்லைக்கல் வரைக்கும் தண்ணீர் நின்றது, அதில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இது எப்பவும் நிக்கிறதுதான் தம்பி, தை பொறந்தாதான் வடியும்" என்றார். திரும்பி வந்துவிட்டோம். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.