மாற்றுச் சிறுநீரகத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு எட்டு மாதங்களுக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் குறையவில்லை. டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய பிறகு கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவின் அளவு) 1.2-லிருந்து 1.8 ஆகிவிட்டது. போன மாதம் கடலூரில் எடுத்த வயிற்று ஸ்கேன் நார்மல். இப்போது புதுச்சேரியில் டாப்ளர் எடுக்கச் சொல்கிறார்கள். இது அவசியமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அவசியம், தள்ளிப்போடவும் வேண்டாம். சாதாரண ஸ்கேன் சிறுநீரகத்தின் அளவையும், சிறுநீர் தேங்கியிருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்பதையும் காட்டும். ரத்தநாளத்தில் ரத்தம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை டாப்ளர்தான் காட்டும். உங்கள் கணவரின் அறிகுறிகள் எல்லாம் அந்த ஓட்டத்தைத்தான் சந்தேகிக்க வைக்கின்றன.

மாற்றுச் சிறுநீரகத்தின் தமனியை, பெரும்பாலும் காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இலியாக் தமனியோடு இணைத்துத் தைப்பார்கள். அந்தத் தையலிலோ அதை ஒட்டியோ, பொதுவாக மூன்று மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், சிலருக்குச் சுருக்கம் ஏற்படுகிறது. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடலிலேயே அழுத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் கணித்து, ரெனின் என்ற பொருளைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றுகிறது; மாத்திரைகளுக்கு அது அடங்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்த நிலையிலும் வடிகட்டும் வேலை நிற்காமல் இருப்பது, வடிகட்டியை விட்டு வெளியேறும் நுண்ணிய ரத்தநாளம் இறுகி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால்தான். டெல்மிசார்டன் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடுவதால் வடிகட்டல் குறைந்து, கிரியேட்டினின் ஏறுகிறது. இந்த ஏற்றத்தை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அந்த மாத்திரையைத் தொடர்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் மருந்துகளை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது.

வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் சீறிப் பாய்வதைப் போல, சுருங்கிய தமனியில் ரத்தத்தின் வேகம் கூடும். விநாடிக்கு 200 முதல் 300 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சுருக்கம் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம்; எந்த எண்ணை எல்லையாகக் கொள்வது என்பது மையத்துக்கு மையம் மாறும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. தமனி வளைந்திருந்தாலோ, கருவியின் கோணம் 60 டிகிரியைத் தாண்டினாலோ வேகம் தவறாகப் பதிவாகும். எனவே பக்கத்து இலியாக் தமனியின் வேகத்தோடு ஒப்பிட வேண்டும்; சிறுநீரகத்துக்குள் உள்ள சிறு தமனிகளில் ரத்த ஓட்டத்தின் அலை மெல்ல ஏறித் தாழ்ந்து தெரிகிறதா (அதுவும் சுருக்கத்தின் அடையாளம்) என்றும் பார்க்க வேண்டும். அறிக்கையில் வரும், சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்துக்கு உள்ள எதிர்ப்பைக் குறிக்கும் ஆர்.ஐ. என்ற எண் 0.8-க்கு மேல் இருந்தால் அதை நிராகரிப்பு என்று நினைத்துப் பதற வேண்டாம். பல காரணங்களால் அது உயரும். நிராகரிப்பை உறுதி செய்வது, சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான்.

இந்தச் சோதனைக்குக் கதிர்வீச்சும் இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கும் சாய ஊசியும் தேவையில்லை. புதிய சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் படமும் தெளிவாகக் கிடைக்கும். ஆனால் இது செய்பவரின் கைத்தேர்ச்சியை மிகவும் நம்பியிருக்கும் சோதனை. ஜிப்மர் மருத்துவமனை போல, மாற்றுச் சிறுநீரகங்களைத் தொடர்ந்து பார்க்கும் இடத்தில் எடுப்பதற்காகப் புதுச்சேரி வரை போய்வருவது வீண் அலைச்சல் ஆகாது. அறுவைக் குறிப்பு (எத்தனை தமனிகள், எங்கே இணைத்தார்கள் என்பது அதில் இருக்கும்), பழைய டாப்ளர் அறிக்கை, கிரியேட்டினின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதை முன்கூட்டியே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கம் தென்பட்டால் ஆஞ்சியோகிராம் மூலம் உறுதி செய்துகொண்டு, பலூன் அல்லது ஸ்டென்ட் வைத்து விரிப்பார்கள். பெரும்பாலும் மீண்டும் அறுவை தேவைப்படுவதில்லை.

இதற்கிடையில் சிறுநீர் திடீரெனக் குறைந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீரகம் பொருத்திய இடத்தில் வலியோ வீக்கமோ வந்தாலோ, ஸ்கேன் தேதிக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.